சேசடிமை வழி

தளவாயின் பெண்டாட்டி ஆவுடை அம்பாசமுத்திரத்திலிருந்து போன் போட்டு, "நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்று விளையாட்டுக்குக் கேட்பாள். கேட்டுவிட்டு எழுந்து போய், ஒரு தம்ளர் தண்ணீர் மோந்து குடித்து, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்காருவாள். அப்போதுதான் மறுபக்கத்திலிருந்து பதில் வரும்: "ஆவுடை."

கல்யாணமான புதிதில் அது அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. வருஷம் போகப் போகச் சிரிப்பு வரவில்லை. பெண்டாட்டி பெயரை யோசித்துச் சொல்கிற ஆளை எந்தக் கணக்கில் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

தளவாய்க்கு மறதி வியாதி ஒன்றும் கிடையாது. காதுக்குப் பின்னால் மிளகு இருந்தது, அவ்வளவுதான்.

மிளகு என்பது ஜனங்கள் வைத்த பெயர். கம்பெனி அதற்கு நீளமாக ஏதோ பெயர் வைத்திருந்தது, யாரும் சொல்வதில்லை. மிளகு அளவில் ஒரு சில்லு. நாம் பார்ப்பது, கேட்பது, மனசுக்குள் நினைப்பது எல்லாவற்றையும் அது எடுத்து அனுப்பிக்கொண்டே இருக்கும். எங்கே அனுப்பும் என்றால், கிடங்குக்கு. கிடங்கு பின்லாந்தின் வடக்கே, ஊலு என்கிற ஊரில் இருந்தது. கம்ப்யூட்டர்கள் சூடாகும், அங்கே குளிர் சும்மா கிடைக்கிறது, ஆகையால் உலகத்தில் பாதிப் பேருடைய ஞாபகத்தைக் கொண்டுபோய் அங்கே அடுக்கி வைத்திருந்தார்கள். ஏதாவது ஞாபகம் வேண்டுமென்றால் மிளகு கிடங்கைக் கேட்கும், கிடங்கு தேடி எடுத்துக் கொடுக்கும். மிளகு வைத்துக் கொஞ்ச நாளில் மண்டைக்குள் இருக்கிற சொந்த ஞாபகம் சோம்பேறியாகிவிடும். வேலைக்கு ஆள் வைத்த வீட்டில் துடைப்பம் எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரிகிறது?

தளவாய்க்கு அந்தக் கிடங்கில்தான் வேலை. ஒரு ஞாபகத்தைத் தேடிப் போக நூறு வழி உண்டு. வருஷம் பார்த்துப் போகலாம், ஊர் பார்த்துப் போகலாம், வாசனை, சாப்பாடு, சண்டை, எதை வைத்து வேண்டுமானாலும் போகலாம். எது குறுக்கு வழி என்று கணக்குப் போட்டு முடிவு பண்ண ஒரு மென்பொருள் இருந்தது. அது போடும் வழிக்குப் பிளான் என்று பெயர். பல நேரம் சரியாகப் போடும். சில நேரம் கிறுக்குத்தனமாகப் போடும். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவருக்குப் பேத்தியின் பெயர் வேண்டுமென்றால், அவர் வாழ்நாளில் சாப்பிட்ட காலை உணவு அத்தனையையும் தாண்டித்தான் கிடைத்தது. பேத்தி பெயரைச் சொல்வதற்குள் அவருக்குப் பசி எடுத்துவிடும். இப்படி எங்கே யாருக்குத் தாமதமாகிறது என்று கண்காணிக்க ஸ்கிரிப்ட் என்கிற குட்டி நிரல் எழுதுவதும், நல்ல பிளான் ஒன்று கிடைத்தால் இனிமேல் இந்தக் கேள்விக்கு இதுதான் வழி என்று பூட்டிவைப்பதும் தளவாயின் பிழைப்பு.

ஊரார் ஞாபகத்தைப் பூட்டலாம், திறக்கலாம். சொந்த ஞாபகத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. அது கம்பெனியின் முதல் விதி. வைத்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்து அனுப்பிவிடுவார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் ஆவுடை ஒரு செய்தி சொன்னாள். அவளுக்கு ஊரில் சொந்தமாக ரத்தப் பரிசோதனை நிலையம் இருந்தது, நன்றாக ஓடிக்கொண்டும் இருந்தது. அதை ஆட்களிடம் விட்டுவிட்டு இரண்டு வாரம் வரப்போவதாகச் சொன்னாள். வந்து பார்ப்பாளாம். ஒத்துவந்தால் ஒரு பக்கமாகச் சேர்ந்து இருப்பது, வராவிட்டால் மரியாதையாக எழுதிக் கொடுத்துவிட்டு ஆளுக்கொரு திசையாகப் போவது. குரலில் கோபமே இல்லை. ரிப்போர்ட் எப்போது கிடைக்கும் என்று கேட்பவர்களிடம் பேசுகிற குரல் அது. அதனால்தான் தளவாய் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவனுக்குத் தெரிந்த ஒரே பரிகாரத்தை அவன் செய்தான். தன் பிளானைத் தானே பூட்டுவது என்று முடிவு செய்தான்.

பூட்ட வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: 'இந்த முகம் யார், எனக்கு என்ன வேண்டும்?' ஏன் இது தாமதமாகிறது என்று முதலில் ஆராய்ந்திருக்க வேண்டும். ஆனால் அந்தத் தொழிலில் யாரும் ஆராய்வதில்லை. வேகமாக வருகிற வழி ஒன்றைப் பிடி, பூட்டு, டீ குடிக்கப் போ. இதுதான் நடைமுறை. வழியைப் பிடிக்க ஏதாவது ஒரு முகத்தைக் கொடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். கையில் எது அகப்படுகிறதோ அதைப் போட்டு ஓட்டுவதும் அந்தத் தொழிலின் நடைமுறைதான். தளவாய் லேப்டாப்பில் ஸ்கிரிப்டை ஓட்டிய நேரத்தில் எதிரே நின்றது, அவனோடு வீட்டைப் பங்கு போட்டிருந்த சேசடிமை.

சேசடிமை இடிந்தகரைக்காரன். ஊலுவில் ஒரு மீன் ஆலையில் வேலை. நல்ல பையன்தான், ஆனால் கூட இருக்க முடியாது. வெளியே பனி கொட்டும்போது ஜன்னலை எல்லாம் அடைத்துவிட்டுக் கருவாடு வறுப்பான். தளவாயின் காலுறையைப் போட்டுக்கொண்டு பூசைக்குப் போவான். அலாரம் வைத்துவிட்டுத் தான் மட்டும் தூங்குவான். மொத்தத்தில் சேசடிமையைப் பற்றித் தளவாய்க்கு இருந்த ஞாபகம் எல்லாம் குறை. ஆகையால் மென்பொருள் நேரே குறைகளுக்கான அட்டவணைக்குப் போயிற்று, கண் இமைப்பதற்குள் சேசடிமையை எடுத்துக் கொடுத்தது. அப்படி ஒரு வேகத்தைத் தளவாய் வாழ்நாளில் பார்த்ததில்லை. சந்தோஷமாகப் பூட்டினான். சேசடிமையை இரண்டு வாரத்துக்கு நண்பன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு விமான நிலையத்துக்குக் கிளம்பினான்.

ஆவுடை மூன்று ஸ்வெட்டரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, கம்பளிக் குல்லாவுக்குள்ளிருந்து மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு வந்தாள். வந்ததும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதே கேள்வியைத்தான் கேட்டாள்.

"நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியாம? கல்யாணத்தன்னிக்கு என் புதுச் செருப்ப உங்க மாமா மாட்டிட்டுப் போனப்போ, போனாப் போட்டும்னு சொன்னவதான நீ."

பதில் வந்த வேகத்தில் ஆவுடைக்கு ஒரு கணம் முகம் மலர்ந்துவிட்டது. என்ன சொன்னான் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

தளவாய் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் மனசில் எது முதலில் வருகிறதோ அதுதானே வாயிலும் வருகிறது. அவன் அவளைப் பார்க்கும் போதெல்லாம் வரிசையாக வந்தது. நீலச் சட்டையை இஸ்திரி போடும்போது சுட்டது. அவன் குறட்டையைப் பதிவு செய்து தங்கச்சிக்கு அனுப்பியது. அவன் முக்கியமாக ஒன்று சொல்லிக்கொண்டிருக்கையில் பால் பொங்குது என்று போனை வைத்தது. பஸ்ஸில் ஏறினால் டிரைவரைப் பார்த்ததும், போன வருஷம் மூக்குக்கு நேராகக் கதவை மூடியவர் என்பது வந்தது, அதையும் அவர் பாஷையிலேயே சொல்லிவிட்டான். எதிர் வீட்டுப் பாட்டியம்மா வணக்கம் சொன்னதற்கு அவர் நாய் செய்த காரியத்தைச் சொன்னான்.

வீட்டுக்குள் வந்ததும் ஆவுடை பதிலுக்குச் சண்டை போடப் பார்த்தாள். அவளும் மிளகு வைத்தவள்தான். கிடங்கு ஊழியர் குடும்பத்துக்கு இலவசம். அவளுக்கும் உடனுக்குடன்தான் வந்தது, ஆனால் இரண்டு குறை சொல்வதற்குள் சரக்குத் தீர்ந்துவிட்டது. மூன்றாவதாக ஒன்று தேடித் தேடிப் பார்த்துக் கிடைக்காமல், அந்த எரிச்சலில் பெட்டியைத் திறக்காமலேயே வாசல் பக்கம் திருப்பி வைத்தாள். டிக்கெட்டை முன்னால் போட முடியுமா என்று கேட்டாள்.

தளவாய் அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். சுவரைப் பார்த்தால்தான் நல்ல வார்த்தை பேச முடிந்தது.

"உங்க மண்டைய நீங்களே பிரிச்சு ரிப்பேர் பண்ணுனியளாக்கும்?"

"நீ வார நேரத்துல டக்குனு பேரச் சொல்லணும்னுதான்."

"பேரச் சொல்லலியே. செருப்பத்தான சொன்னிய."

திங்கட்கிழமை காலையில் அவனை இழுத்துக்கொண்டு கிடங்குக்கே போனாள். அங்கே ஜெபக்கனி அக்கா இருந்தார். நாசரேத்துக்காரர், தளவாய்க்கு மேலதிகாரி, அந்த ஊருக்கு முதன்முதலில் வந்து சேர்ந்த தமிழர்களில் ஒருவர். அவரைப் பார்த்ததும் தளவாய்க்கு, போன கிறிஸ்துமஸுக்குத் தனக்கு லீவு தராமல் அவர் ஊருக்குப் போனது வந்தது. சொல்லியும் விட்டான். ஜெபக்கனி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, வந்தவள் யார் என்றுகூடக் கேட்காமல், கதவைச் சாத்தச் சொன்னார்.

"எதப் பூட்டுன?"

"முகம் பாக்குற கேள்விய."

"யாரப் போட்டு ஓட்டுன?"

"சேசடிமைய."

"அவன எதுக்குல போட்ட?"

"பக்கத்துல நின்னான்."

ஜெபக்கனி பெருமூச்சு விட்டுக்கொண்டு ஆவுடையின் பக்கம் திரும்பினார். "எல்லாரும் பண்ணுறதுதாம்மா. மொதல்ல எந்த முகத்தக் குடுக்கோமோ, அதுக்கு ஏத்த வழியத்தான் அது போடும். சும்மா விட்டா ஆளுக்கு ஆள் மாத்திக்கிடும். இவன் பூட்டிட்டானா, இனி யாரப் பாத்தாலும் சேசடிமை வழியாத்தான் வருவாங்க. நீயும் அப்பிடித்தான் வந்திருக்க."

பூட்டைத் திறந்துவிட்டால் போயிற்று என்றாள் ஆவுடை. அதில்தான் சிக்கல். பூட்டைத் திறந்தால் யார் பூட்டியது என்று மேலே ஒரு அறிக்கை தானாகப் போகும். தளவாய் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆனால் ஒரு பூட்டை எடுத்துவிட்டு அதே நேரத்தில் இன்னொன்றை மாட்டினால் யாரும் கேட்பதில்லை. அலுவலகம் என்றால் எங்கேயும் அப்படித்தான். ஆகவே வேறு ஒரு முகத்தைக் கொடுத்துப் புதிதாக வழி போட வேண்டும், அந்த வழிதான் இனி எல்லோருக்கும்.

யார் முகம் என்று யோசித்தார்கள். தன்னைப் போட வேண்டாம் என்று ஜெபக்கனி முதலிலேயே சொல்லிவிட்டார். பிறகு காண்கிற ஆட்களை எல்லாம் இவன் மேலதிகாரியாகப் பார்த்துப் பதுங்குவான். வரவேற்பறைப் பெண், கான்டீன்காரர், யாராவது பொதுவாக ஒருவர் இருந்தால் நல்லது, சேதாரம் இருக்காது என்றார்.

"என்னையப் போடுங்க" என்றாள் ஆவுடை.

தளவாய் வேண்டாம் என்பதுபோல் ஜெபக்கனியைப் பார்த்தான். பயம் என்னவென்றால், எந்த வழி வருகிறது என்பது திரையில் தெரியும். மென்பொருளுக்கு முகத்தாட்சணியம் கிடையாது. ஒரு ஆளைப் பற்றி நம்மிடம் எது அதிகம் இருக்கிறதோ அதன் வழியாகத்தான் அது போகும். கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்து இருந்த நாளைவிடப் போனில் பேசிய நாள்தான் அதிகம். இவளுக்கும் குறை வழியே வந்துவிட்டால்? அல்லது வெறும் டெலிபோன் நம்பர் வழியாக வந்துவிட்டால்?

ஆவுடைக்கும் அதெல்லாம் புரிந்திருந்தது. "அதத் தெரிஞ்சுக்கிடத்தான இவ்வளவு தூரம் வந்திருக்கேன்" என்றாள். "எந்த வழின்னு எனக்கும் காட்டணும். மறைக்கக் கூடாது."

ஜெபக்கனி தன் கழுத்திலிருந்த கம்பளித் துண்டை எடுத்துத் தளவாயின் கண்ணைக் கட்டினார். நடுவில் வேறு யார் முகமாவது பட்டுவிட்டால் காரியம் கெட்டுவிடும். அந்த நேரம் பார்த்துக் காவலாளி ஒருவர் கதவைத் தட்டி எட்டிப் பார்த்தார். கண்ணைக் கட்டிய ஆணும் அவனுக்கு எதிரே மூன்று ஸ்வெட்டர் போட்ட பெண்ணும் இருப்பதைப் பார்த்து, இந்தியர்களுடைய ஏதோ சடங்கு என்று நினைத்து மரியாதையாகக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

பழைய பூட்டு கழன்றது. ஜெபக்கனி துண்டை உருவினார். தளவாய் ஆவுடையைப் பார்த்தான்.

ஒன்றும் வரவில்லை.

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அவளும் பார்த்துக்கொண்டே நின்றாள். திரையில் ஒரு கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. ஜெபக்கனி முன்னால் குனிந்து, கண்ணாடியை ஏற்றி இறக்கி, இன்னொரு தடவை படித்தார்.

"எந்த அட்டவணையையும் எடுக்கலியே. ஃபுல் ஸ்கேன்ல போவுது."

"அப்பிடின்னா?"

"வழியே போடல. மொதப் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் எல்லாத்தையும் ஒண்ணு விடாம வாசிக்குது."

ஆவுடையின் முகம் சுருங்கியது. "அப்ப நான் எங்கயுமே இல்ல. தேடுது."

"அது இல்லம்மா." ஜெபக்கனி விரலால் மேஜையைத் தட்டினார். "புஸ்தகத்துக்குப் பின்னால அட்டவணை போடுவாங்கல்லா, இன்ன சொல் இத்தனாம் பக்கம்னு. எல்லாப் பக்கத்துலயும் வார சொல்ல அதுல போட மாட்டாங்க. போட்டுப் புண்ணியமில்ல. மொத்தப் புஸ்தகத்தையும் வாசிச்சுட்டுப் போயிரலாம். நீ அப்பிடிக் கெடக்க இவங்கிட்ட."

திரையில் ஓடியதில் சிலவற்றை அவர் படித்துக் காட்டினார். தீயணைப்பு ஒத்திகையின்போது எல்லோரும் வெளியே ஓடினார்கள்: ஆவுடை இருந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வந்தீர்களா என்று கேட்பாள். பல் டாக்டர் ஊசி போட்டார்: ஆவுடை வலிக்காமல் போடுவாள். ஆபீஸில் கம்பளிக் கையுறை கொடுத்தார்கள்: ஆவுடை கைக்கு இது பெரிசு. வெங்காயம் வாங்கினது, லிஃப்டில் மாட்டிக்கொண்டது, மேலாளர் திட்டினது, ஒன்றையும் விடவில்லை. கருவாட்டு நாற்றத்தில்கூட ஆவுடை இருந்தாள், மூக்கைப் பொத்திக்கொண்டு.

"ஆவுடை" என்றான் தளவாய். இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது.

ஆவுடை குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். ஆனால் ரத்தம் பார்த்துப் பழகியவள், ஒரு பக்கத்து ரிப்போர்ட்டை மட்டும் வைத்து முடிவு எடுக்கிற ஆள் இல்லை. ஜெபக்கனியிடம் கேட்டாள்.

"என்னோடதையும் பாருங்க. இவங்க முகத்தப் போட்டு."

ஜெபக்கனி போட்டார். போட்ட கையை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது. நேர் வழி, சுருக்கமான வழி, நடுவில் ஒரு தடங்கல் இல்லை. பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு மாதிரியாகக் காட்டலாம், அவ்வளவு அழகான பிளான். தளவாய்க்குப் பெருமையாகப் போயிற்று. பார், அவளுக்கு நான் உடனே வந்துவிட்டேன் என்று ஜெபக்கனியைப் பார்த்துச் சிரித்தான். ஜெபக்கனி சிரிக்கவில்லை. திரையை இலேசாகத் தன் பக்கம் திருப்பினார்.

"நல்லா வேகமா இருக்கும்மா. போதும்."

"எவ்வளவு இருக்கு இவங்களப் பத்தி?"

"அது எதுக்கு இப்ப."

"சாம்பிள் கம்மியா இருந்தா மெஷின் சீக்கிரம் முடிச்சுரும். எங்க லேப்லயும் அப்பிடித்தான். எவ்வளவு இருக்கு?"

ஜெபக்கனி தளவாயைப் பார்க்காமல் சொன்னார். "கொஞ்சந்தான். கல்யாணம். ரெண்டு மூணு லீவு. அப்புறம் போன் பேசினது. அது ஒரே மாதிரி இருக்கிறத எல்லாம் எடத்த அடைக்கும்னு ஒண்ணாச் சேத்துரும். சாப்டியளா, குளிரா, சரி வைக்கேன். அத்தன வருசப் போனும் ஒரே வரியாக் கெடக்கு."

தளவாயின் சிரிப்பு எங்கே வைப்பது என்று தெரியாமல் முகத்திலேயே நின்றுவிட்டது. இத்தனை வருஷமாக அவள் அவனைப் பட்டென்று அடையாளம் கண்டதை அவன் வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருந்தான். குறைகூட இரண்டுதான் இருந்தது என்பது இப்போதுதான் அவனுக்கு வலித்தது. அவள் கொத்திக் கொத்திக் குறை சொல்லியிருக்கலாம். ஒரு நூறாவது இருந்திருக்கலாம்.

ஆவுடை குல்லாவின் குஞ்சத்தைத் திருகினாள். அவள் ஊரில் தன்பாட்டுக்கு வேலை பார்த்தாள். ஒருவனை நினைத்துக்கொண்டே நாளைத் தள்ள அவளுக்கு நேரமில்லை, அது ஒன்றும் குற்றமும் இல்லை. அதை அவளே சொன்னாள், மன்னிப்புக் கேட்காமல். பிறகு ஜெபக்கனியிடம், இதைக் கூட்டுவதற்கு ஏதாவது ஸ்கிரிப்ட் இருக்கிறதா என்று கேட்டாள். அதற்கு ஸ்கிரிப்ட் இல்லை, கூட இருந்தால்தான் ஏறும் என்றார் ஜெபக்கனி.

"அப்ப டிக்கெட்டப் பின்னால தள்ளிருவோம்" என்றாள் ஆவுடை. "மாசம் ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க. வேகம் கொறையுதான்னு."

ஜெபக்கனிக்குத் தொழிலில் அப்படி ஒரு கோரிக்கை வந்ததே இல்லை. அவருடைய கண்காணிப்பு ஸ்கிரிப்ட் மெதுவாகப் போனால்தான் கத்தும். வேகமாகப் போனால் கத்துகிற மாதிரி ஒன்றைத் தலைகீழாக எழுத வேண்டியிருந்தது.

ஆவுடை பரிசோதனை நிலையத்தைத் அங்கே வேலை பார்த்த ஒரு பெண்ணிடம் ஒப்படைத்தாள். போனிலேயே அவளைத் திட்டி நடத்தினாள். தளவாய்க்கு ஆவுடை முகத்தை வைத்துப் போட்ட புதுப் பூட்டு அப்படியேதான் இருந்தது. யாரைப் பார்த்தாலும் முழுப் புஸ்தகத்தையும் வாசித்துவிட்டுத்தான் வணக்கம் சொன்னான். அந்த ஊர்க்காரர்கள் இயல்பாகவே யோசித்துப் பேசுகிறவர்கள், ஒருவழியாக இவனுக்கு நாகரிகம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள். சேசடிமை திரும்பி வந்து பக்கத்துத் தெருவில் அறை எடுத்துக்கொண்டான். தளவாயும் ஆவுடையும் ஜன்னலைத் திறந்து வைக்கலாமா கூடாதா என்பதில் தொடங்கி எதற்கும் சண்டை போட்டார்கள். அவள் காலுறை போடாமல் நடந்து காய்ச்சலில் விழுந்தபோது அவன் கஞ்சி வைத்துக் கெடுத்தான். அவன் பனியில் வழுக்கி விழுந்தபோது அவள் உதவிக்கு வராமல் முதலில் சிரித்து முடித்தாள்.

பனி உருகிய பிறகு, அவள் தொடர்ந்து தங்குவதற்காகக் குடியேற்ற அலுவலகத்தில் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கல்யாணம் நிஜமா, விசாவுக்காகப் போட்ட நாடகமா என்று பார்ப்பதற்கு. அதிகாரி ஒரு நடுவயதுப் பெண். முன்னால் காகிதம், கையில் பேனா. தளவாயைக் காட்டி ஆவுடையிடம் கேட்டார், இவர் யார், உங்களுக்கு என்ன வேண்டும் என்று.

ஆவுடை தளவாயைத் திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். மூடினாள். கண் எங்கேயோ போயிற்று, புருவம் நெளிந்தது, உதட்டோரத்தில் எதற்கோ சிரிப்பு வந்து போயிற்று, பின்னாலேயே ஒரு கோபம் வந்தது. அதிகாரி கேள்வியைத் திருப்பிக் கேட்டார். ஆவுடை கொஞ்சம் இருங்கள் என்பதுபோல் கையைக் காட்டினாள். அதிகாரியின் முகம் மாறியது. பேனாவைக் காகிதத்தில் வைத்துச் சந்தேகமாக ஏதோ எழுத ஆரம்பித்தார்.

தளவாய் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான். அவனுக்கு அந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படி ஒரு நிம்மதி வந்ததில்லை.

"அவசரமே இல்லம்மா" என்று அதிகாரியிடம் தமிழிலேயே சொன்னான். "மெதுவா வரட்டும்."